வணிகனின் பஸீரத்

வாணிபத்தில் பெரும் ஆதாயம் கண்டவரைப் பற்றிப் பேசும்போது, “அவர் மனத்திற்கு முன்பே பட்டுவிட்டது” என்கிறோம். ஆனால் அந்த உள்ளுணர்வு எங்கிருந்து பிறக்கிறது, அதனை எவ்வளவு நம்பலாம் என்பதை ஆராய்வோர் சிலரே. இஸ்லாமிய வரலாற்றில் இதற்குத் தெளிவான விடை உண்டு.

ஹிஜ்ரத் செய்து மதீனா வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்குத் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள் ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்கள். அதனை ஏற்காமல், கடைத்தெருவுக்கு வழி கேட்டார்கள் இப்னு அவ்ஃப். கைனுகா சந்தைக்குச் சென்று, உலர்ந்த பாற்கட்டியும் நெய்யும் ஆதாயமாகப் பெற்றுத் திரும்பினார்கள். ஊர் புதிது, ஆனால் தொழில் புதிதன்று. குறைஷியரின் வணிக வாழ்வில் பழகிய கண் அது.

இப்னு கல்தூன் (1332–1406) 1377இல் எழுதி முடித்த முகத்திமாவில், வாணிபம் அறிந்தவனை ‘பஸீர்’ என்ற சொல்லால் குறிக்கிறார். அகப்பார்வையைக் குறிக்கும் ‘பஸீரத்’தும் இச்சொல்லின் வேரிலிருந்தே கிளைத்தது. அத்தகைய வணிகன் எதனைக் காண்கிறான்? செல்வர், வறியவர், அரசர், குடிகள் ஆகிய அனைவருக்கும் தேவைப்படும் நடுத்தரச் சரக்கையே அவன் கொண்டுசெல்வான் என்கிறார். ஆகவே இங்கு அகப்பார்வை என்பது மக்களின் தேவையை அறியும் அறிவேயாகும்.

அவருக்கு முந்திய அபுல் ஃபழ்ல் ஜஅஃபர் அத்திமிஷ்கீ, வாணிப நூலொன்றில் வணிகரை மூவகையினராகப் பிரிக்கிறார்: சரக்கைத் தேக்கி வைத்து விற்பவர், ஊர் ஊராகச் செல்பவர், முகவர்க்கு அனுப்புபவர். முதலாமவர் முழுச் சரக்கையும் ஒரே தடவையில் வாங்காமல், இடைவெளி விட்டுத் தவணைகளாக வாங்க வேண்டும். இரண்டாமவர் தம் ஊரின் விலைப்பட்டியலை உடன் கொண்டுசெல்ல வேண்டும். மூன்றாமவர் நம்பகமான முகவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மனத்தின் கணிப்பு பிழைக்கக்கூடும் என்பதை உணர்ந்து இடப்பட்ட காப்புகள் இவை.

கணிப்பு பலித்தாலும் அது ஆகுமானதாகிவிடாது. விலையேற்றத்தை முன்னுணர்ந்து தானியத்தைப் பதுக்குபவன் கேடடைவான் என்பதற்கு இப்னு கல்தூன் உளவியல் காரணமே கூறுகிறார்: வேறு வழியின்றிப் பணம் கொடுத்த மக்களின் மனம் அப்பணத்தையே பற்றி நிற்கும்.

இஸ்திகாராவையும் இவ்வொளியில் நோக்க வேண்டும். எல்லாக் காரியங்களிலும் அதனை, குர்ஆனின் ஓர் அத்தியாயத்தைக் கற்பிப்பது போல், நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்ததாக ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள். அந்த துஆவில் கனவு பற்றிய பேச்சே இல்லை. ஒரு காரியத்தை நாடியவர், அது மார்க்கத்திற்கும் வாழ்வுக்கும் நலமாயின் எளிதாக்கவும், தீங்காயின் அகற்றவும் இறைவனிடம் வேண்டுகிறார். கனவில் கண்ட நிறத்தை நம்பிக் கணக்கேடு பார்க்காமல் முதலிடுவது இஸ்திகாரா ஆகாது.

சந்தையைக் கண்ணால் காண்பதும், கணக்கைச் சரிபார்ப்பதும், அறிந்தோரிடம் மஷூரா கேட்பதும் வணிகனின் கடமை. அவற்றின் பின்னர் எஞ்சும் ஐயத்தையே அவன் இறைவனிடம் ஒப்படைக்கிறான்.