ஹைட் பார்க் கேட், எண் 22 - ஒரு ஆங்கிலேயக் கூட்டுக்குடும்பத்தின் கதை

கூட்டுக்குடும்பம் என்பது நமக்கு மட்டுமே சொந்தமானது, வெள்ளைக்காரர்களுக்கு அப்பா, அம்மா, பிள்ளைகளைத் தாண்டி எதுவும் தெரியாது என்று ஒரு நினைப்பு நம்மிடையே உண்டு. பட்டிமன்றங்களில் இதைச் சொன்னால் கைதட்டல் நிச்சயம்!

இது பாதி உண்மை. பீட்டர் லாஸ்லெட் என்ற கேம்பிரிட்ஜ் வரலாற்று ஆய்வாளர் பழைய ஊர்ப் பதிவேடுகளை எண்ணிப் பார்த்து, இங்கிலாந்தில் ஒரு வீட்டில் சராசரியாக 4.75 பேர்தான் இருந்தார்கள் என்றார். 16-ம் நூற்றாண்டு முதல் 19-ம் நூற்றாண்டு வரை இந்த எண் பெரிதாக மாறவில்லையாம். ஆக, தொழிற்புரட்சி வந்துதான் ஆங்கிலேயர்களின் கூட்டுக்குடும்பம் உடைந்தது என்று பாடப்புத்தகங்களில் வருவது சரியல்ல. உடைவதற்கு அங்கே பெரிதாக எதுவும் இருக்கவில்லை.

மறுபாதிதான் சுவாரசியம். மைக்கேல் ஆண்டர்சன் என்பவர் லங்காஷயரில் உள்ள பிரஸ்டன் நகரின் 1851 மக்கள்தொகைக் கணக்கை ஆராய்ந்தார். பஞ்சாலைகள் நிறைந்த ஊர் அது. அங்கே சுமார் 23 சதவீத வீடுகளில் பாட்டி, அத்தை, தங்கை மகன் என்று யாராவது ஒரு உறவினர் சேர்ந்து வாழ்ந்தார். தொழிற்சாலை வந்த ஊரில் கூட்டுக்குடும்பம் கூடியிருக்கிறது! காரணம் பாசம் மட்டுமல்ல. தாய் ஆலைக்குப் போனால் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு பாட்டி வேண்டும். பாட்டிக்குச் சோறு வேண்டும். இரண்டு பக்கமும் வரவு இருந்தது.

அது கூலிக்காரர்களின் கதை. பணமுள்ள வீடுகளில் உறவுகள் ஒரே கூரையின் கீழ் சேர்ந்ததற்கு வேறு காரணங்களும் இருந்தன. அவற்றில் பெரியது மரணம். கணவனோ மனைவியோ இளம் வயதில் இறப்பது அன்று சாதாரணம். மறுமணம் நடக்கும், இரண்டு குடும்பங்கள் ஒன்றாகும். இப்படி உருவான வீடுகளில் நமக்கு மிக நன்றாகத் தெரிந்த ஒன்று லண்டன் கென்சிங்டனில் இருக்கிறது. ஹைட் பார்க் கேட், எண் 22. வின்ஸ்டன் சர்ச்சில் 1965-ல் இறந்ததும் இதே தெருவில்தான் (அது 28-ம் எண் வீடு).

இந்தக் கதை கல்கத்தாவில் தொடங்குகிறது. 1846-ல் அங்கே ஒரு ஆங்கிலேய மருத்துவருக்கு மகளாகப் பிறந்தவர் ஜூலியா. இங்கிலாந்தில் வளர்ந்து, ஹெர்பர்ட் டக்வொர்த் என்ற வழக்கறிஞரை மணந்தார். 1870-ல் கணவர் திடீரென்று இறந்தபோது கையில் இரண்டு குழந்தைகள், வயிற்றில் ஒன்று. பக்கத்து வீட்டில் லெஸ்லி ஸ்டீபன் என்ற எழுத்தாளர் இருந்தார். அவருடைய மனைவி நாவலாசிரியர் தாக்கரேயின் மகள். அந்த அம்மாளும் 1875-ல் இறந்துவிட்டார். அவர்களுக்கு லாரா என்று ஒரு மகள், மனவளர்ச்சி குன்றியவள். அடுத்தடுத்த வீட்டில் இருந்த விதவையும் மனைவியை இழந்தவரும் 1878-ல் திருமணம் செய்துகொண்டார்கள். ஜூலியாவின் வீடே எல்லோருக்கும் வீடானது. பிறகு வனெஸ்ஸா, தோபி, வர்ஜீனியா, ஏட்ரியன் என்று நான்கு குழந்தைகள் பிறந்தார்கள். இந்த வர்ஜீனியாதான் பின்னாளில் வர்ஜீனியா வுல்ஃப். அவர் எழுதி வைத்த நினைவுக்குறிப்புகளால்தான் அந்த வீடு இன்று நமக்கு அறை அறையாகத் தெரிகிறது.

மூன்று திருமணங்களில் பிறந்த எட்டுப் பிள்ளைகள், பெற்றோர், கடைசிக் காலத்தில் ஜூலியாவின் தாயார், இவர்களோடு ஏழு வேலைக்காரர்கள். ஏறக்குறைய பதினேழு, பதினெட்டு பேர் அங்கே தூங்கினார்கள். பாத்ரூம்? ஒன்றே ஒன்று!

ஒல்லியான, உயரமான வீடு. இடம் போதாமல் 1880-களில் மேலே இரண்டு மாடிகள் எழுப்பினார்கள். ஆர்க்கிடெக்ட்டுக்குக் கொடுக்கும் பணத்தை மிச்சம் பிடிக்க ஜூலியாவே ஒரு தாளில் வரைபடம் போட்டுக் கொடுத்தாராம். கீழிருந்து மேலே போனால் அந்தக் குடும்பத்தின் படிநிலை புரிந்துவிடும். பூமிக்கடியில் இருட்டான சமையலறை, வேலைக்காரர்களின் அறை. தரைத்தளத்தில் சாப்பாட்டு அறையும் வரவேற்பறையும். அதற்கு மேல் பெற்றோரின் படுக்கையறை. பிறகு டக்வொர்த் பிள்ளைகளின் அறைகள். அதற்கும் மேல் சின்னப் பிள்ளைகள். உச்சியில் லெஸ்லியின் படிப்பறை. பிரிட்டனின் தேசிய வாழ்க்கை வரலாற்று அகராதியின் முதல் ஆசிரியர் இவர்தான். அவர் புத்தகத்தைத் தரையில் போடும் 'தொப்' சத்தம் கீழே கேட்குமாம். அதற்கும் மேலே, கூரைக்கடியில், மறுபடியும் வேலைக்காரர்கள். குளிரும் வெயிலும் நேராக இறங்கும் இடம். அடித்தட்டிலும் அவர்கள், மேல்தட்டிலும் அவர்கள். நடுவில்தான் குடும்பம்.

அந்த அடித்தளத்தைப் பற்றி ஒரு பணிப்பெண் ஒருநாள் பொறுக்க முடியாமல், கீழே நரகம் மாதிரி இருக்கிறது என்று ஜூலியாவிடம் சொல்லிவிட்டாள். ஜூலியா முகம் இறுகி அவளை வெளியே அனுப்பினாராம். இதே ஜூலியா ஊரில் யார் படுத்த படுக்கையாக இருந்தாலும் ஓடிப்போய்ப் பார்ப்பவர். நோயாளிகளைக் கவனிப்பது எப்படி என்று 1883-ல் புத்தகமே எழுதியவர். பெண்களுக்கு வாக்குரிமை வேண்டாம் என்று 1889-ல் வெளியான அறிக்கையில் கையெழுத்துப் போட்டவரும் இவர்தான். மூன்றும் ஒரே மனுஷி.

வரவேற்பறையின் நடுவே மடக்குக் கதவுகள் இருந்தன. ஒரு பக்கம் யாரோ அழுதுகொண்டிருக்க, மறுபக்கம் விருந்தினருக்குத் தேநீர் ஊற்றப்படும். கூட்டமாக வாழும் எந்த வீட்டுக்கும் இப்படி ஒரு கதவு தேவைப்படுகிறது போலும். எத்தனையோ விஷயங்களை அது மறைத்தது. லாரா பின்னர் காப்பகத்துக்கு அனுப்பப்பட்டாள். 1945-ல் இறக்கும்வரை அவள் அந்தக் குடும்பத்தோடு மீண்டும் வாழவில்லை. டக்வொர்த் அண்ணன்கள் இருவரும் தன்னிடம் முறைகேடாக நடந்துகொண்டதை வர்ஜீனியா பல ஆண்டுகள் கழித்தே எழுதினார். பதினேழு பேர் இருந்த வீட்டில் அதைக் கேட்க ஒருவரும் இருக்கவில்லை.

1895 மே மாதம் ஜூலியா இறந்தார். வயது 49. அவர் இடத்துக்கு மூத்த மகள் ஸ்டெல்லா வந்தார். வீட்டுக் கணக்கு, தம்பி தங்கைகள், புலம்பித் தீர்க்கும் மாற்றாந்தந்தை, எல்லாம் அவர் தலையில். ஸ்டெல்லாவுக்குத் திருமணம் என்றதும் லெஸ்லியால் தாங்க முடியவில்லை. கடைசியில் அதே தெருவில் 24-ம் எண் வீட்டில் குடியேறுவது என்று சமாதானம் ஆனது. 1897 ஏப்ரலில் கல்யாணம், ஜூலையில் ஸ்டெல்லாவும் இறந்துபோனார். அடுத்தது வனெஸ்ஸா. வயது 18.

இங்கேதான் அந்தக் கணக்குப் புத்தகம் வருகிறது. ஒவ்வொரு புதன்கிழமையும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வாரச் செலவுக் கணக்கை வனெஸ்ஸா அப்பாவின் முன்னால் வைக்க வேண்டும். வர்ஜீனியாவின் நினைவுப்படி ஆபத்து எல்லை 11 பவுண்டு. அதற்குள் இருந்தால் தப்பித்தார்கள். தாண்டிவிட்டால் முதலில் மௌனம், பிறகு முனகல், பிறகு நாம் திவாலாகப் போகிறோம் என்று கத்தல், மார்பில் அடித்துக்கொள்ளல். எல்லாம் முடிந்து நடுங்கும் கையோடு செக்கில் கையெழுத்து. வனெஸ்ஸா ஒரு வார்த்தை பேசாமல் நிற்பாராம். லெஸ்லி திவாலாகும் நிலையில் இல்லவே இல்லை. வெளியாட்கள் முன்னால், ஆண்கள் முன்னால் இப்படிக் கத்தவும் மாட்டார்.

இந்த 11 பவுண்டையும் கொஞ்சம் பார்க்கலாம். அன்று லண்டனில் ஒரு சாதாரண வீட்டு வேலைக்காரப் பெண்ணின் ஆண்டுச் சம்பளமே ஏறக்குறைய 15 முதல் 20 பவுண்டுதான். அதாவது குடும்பத்தின் இரண்டு வாரச் செலவு அவளுக்கு ஒரு வருஷம். சரி, அவளுக்காவது ஒரு சம்பளம் இருந்தது. ஜூலியா, ஸ்டெல்லா, வனெஸ்ஸா மூவரின் உழைப்பு அந்தப் புத்தகத்தின் எந்தப் பக்கத்திலும் பற்று எழுதப்படவில்லை. எழுதியிருந்தால் லெஸ்லி உண்மையிலேயே திவாலாகியிருப்பார்.

லெஸ்லி 1904 பிப்ரவரியில் காலமானார். அதே ஆண்டில் ஜார்ஜ் திருமணம் செய்துகொண்டு போனார். ஜெரால்ட் தனி ஜாகைக்குப் போனார் (இவருடைய பதிப்பகம்தான் 1915-ல் வர்ஜீனியாவின் முதல் நாவலை வெளியிட்டது). வனெஸ்ஸா பழைய சாமான்களை விற்றார், எரித்தார், கிழித்தார். உறவினர்கள் முகம் சுளித்த, வாடகை குறைந்த ப்ளூம்ஸ்பரி பகுதியில், கார்டன் ஸ்கொயர் 46-ம் எண் வீட்டில் நான்கு பேரும் குடியேறினார்கள். சுவர்களுக்கு வெள்ளை அடித்தார்கள். தோபியின் நண்பர் ஒருவர் அந்த நவம்பரில் அங்கே வந்து சாப்பிட்டுவிட்டு, சில நாட்களில் இலங்கைக்குக் கப்பல் ஏறினார். 1905 தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் அரசாங்க உத்தியோகத்தில் சேர்ந்த அவர்தான் லெனார்ட் வுல்ஃப். 1912-ல் வர்ஜீனியாவை மணந்தார்.

ஹைட் பார்க் கேட்டிலிருந்து இன்னொருவரும் கார்டன் ஸ்கொயருக்குக் கூடவே வந்தார். சமையல்கார அம்மாள் சோஃபி ஃபேரல். வர்ஜீனியா சின்னக் குழந்தையாக இருந்தபோதே அந்த வீட்டில் வேலைக்குச் சேர்ந்தவர். புது வீட்டிலும் சமையல் அவர் பொறுப்புதான்.