பின்லாந்து வடிவமைப்பு

பின்லாந்து வடிவமைப்பு என்பது வட ஐரோப்பிய நாடான பின்லாந்தில் 20ஆம் நூற்றாண்டில் உருப்பெற்ற கட்டடம், அறைகலன், ஆடை, வீட்டுப் புழங்குபொருள் ஆகியவற்றின் வடிவமைப்பு மரபாகும். அருகில் கிடைக்கும் மூலப்பொருளைக் கொண்டு, தேவைக்கு மிஞ்சிய அலங்காரம் சேர்க்காமல், நெடுங்காலம் உழைக்கும் பொருளை அழகுறச் செய்வது இதன் அடிப்படை. அல்வார் ஆல்ட்டோ, ஆய்னோ ஆல்ட்டோ, காய் ஃபிராங்க், அர்மி ரத்தியா, மையா இசோலா ஆகியோர் இம்மரபின் முதன்மையானவர்கள். சூழலைக் கெடுக்காத வடிவமைப்பு பற்றி உலகம் இன்று பேசும் பலவற்றை இவர்கள் முன்பே செய்து பார்த்திருக்கிறார்கள். உறுதியான பொருளும் பிடிக்காமல் போனால் குப்பைக்குப் போகும். ஆகவே பொருளின் ஆயுளை அதன் அழகும் தீர்மானிக்கிறது. இம்மரபின் தனிச்சிறப்பு இதை உணர்ந்து செயல்பட்டதே.

பின்னணி

பின்லாந்தின் நிலப்பரப்பில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு காடு. பைன், ஸ்ப்ரூஸ், பிர்ச் ஆகிய மரங்களே அங்கு மிகுதி. குளிர்காலம் நீண்டது, அப்போது பகல் வெளிச்சம் சில மணி நேரமே இருக்கும். வீட்டுக்குள்ளேயே பெரும்பொழுதைக் கழிக்கும் மக்களுக்கு நாற்காலியின் வளைவும் கோப்பையின் பிடியும் அன்றாடம் கையில் படுபவை.

1917இல் ரஷ்யாவிடமிருந்து விடுதலை பெற்ற இந்நாடு, இரண்டாம் உலகப் போருக்குப் பின் சோவியத் ஒன்றியத்துக்குப் போர் இழப்பீடு செலுத்த வேண்டியதாயிற்று. அது 1952இல்தான் தீர்ந்தது. பறிபோன கரேலியப் பகுதியிலிருந்து வந்த சுமார் 4 லட்சம் பேரைக் குடியமர்த்தவும் வேண்டியிருந்தது. வீடுகள் சிறியவை, மூலப்பொருள்களுக்குத் தட்டுப்பாடு. சிக்கனம் ஒரு கொள்கையாக எழுதப்படும் முன்பே வாழ்க்கை அதைக் கற்றுக்கொடுத்துவிட்டது.

கட்டடக்கலை

முழு மரங்களை அடுக்கிக் கட்டும் வீடுகள் பின்லாந்தின் பழைய வழக்கம். இவ்வகை வீட்டைப் பிரித்து, வேறிடத்தில் அதே மரங்களைக் கொண்டு மறுபடி எழுப்ப முடியும். தொழிலாளர் குடும்பங்களுக்காக 1920களில் ஹெல்சிங்கியில் மார்ட்டி வாலிகாங்கஸ் வடிவமைத்த புவு-காப்பூலா குடியிருப்பு இவ்வழக்கத்தை நகரத்துக்குக் கொண்டுவந்தது. 1960களில் இதை இடித்துவிட்டுப் புதிய அடுக்ககங்கள் கட்டத் திட்டமிட்டார்கள். எதிர்ப்பு எழவே திட்டம் கைவிடப்பட்டது. தோட்டங்கள் சூழ்ந்த அந்த மரவீடுகளில் இன்றும் மக்கள் வாழ்கிறார்கள்.

அல்வார், ஆய்னோ ஆல்ட்டோ தம்பதியர் பங்காற்றிய பைமியோ காசநோய் மருத்துவமனை 1933இல் திறக்கப்பட்டது. நோயாளி நாள்முழுதும் படுத்திருப்பவர் என்பதை மனத்தில் வைத்தே ஒவ்வொரு பகுதியும் அமைக்கப்பட்டது. கண் கூசாதிருக்க அறைக் கூரைக்கு அடர்பச்சை வண்ணம் பூசினார்கள். தண்ணீர் விழும் ஓசை அடுத்த படுக்கைக்காரரின் தூக்கத்தைக் கலைக்காதபடி கைகழுவும் தொட்டியின் சரிவை அமைத்தார்கள். மருந்துகள் வந்து காசநோயாளிகள் குறைந்த பிறகு கட்டடம் பொது மருத்துவமனையாக மாறிப் பல்லாண்டுகள் பயன்பட்டது.

ஹெல்சிங்கியின் டெம்ப்பெலியாவுக்கியோ தேவாலயம் (1969) பாறையைக் குடைந்து கட்டப்பட்டது. உள்ளே பாறைச் சுவர் பூச்சின்றி அப்படியே தெரிகிறது. நாடாளுமன்றத்துக்கு எதிரே 2018 டிசம்பரில் திறக்கப்பட்ட ஓடி நூலகத்தின் வெளிப்புறம் ஸ்ப்ரூஸ் பலகைகளால் ஆனது. நடுவில் தூண் இல்லாதபடி அதைத் தாங்குவதோ பெரிய எஃகு வளைவுகள். மரம், எஃகு, கண்ணாடி மூன்றையும் தேவை பார்த்து அதனதன் இடத்தில் வைத்த கட்டடம் இது.

அறைகலன்

1930களின் ஐரோப்பிய நவீன அறைகலன்களில் எஃகுக் குழாய் ஓங்கியிருந்தது. அல்வார் ஆல்ட்டோ மரத்தைத் தேர்ந்தார். எஃகு தொட்டால் சில்லிடும், பிர்ச் மரம் அப்படியில்லை, உள்நாட்டிலேயே விளைகிறது. ஆனால் திண்ணிய மரத்தைச் செங்கோணமாக வளைப்பது எளிதன்று. மரத்துண்டின் ஒரு முனையில் இழையோட்டத்தின் வழியே மெல்லிய பிளவுகளை அறுத்து, அவற்றில் பசை தடவிய மெல்லிய மரத்தகடுகளைச் செருகி, சூடேற்றி வளைக்கும் முறையை அவர் உருவாக்கினார். இப்படி வளைத்த காலை இருக்கைப் பலகையின் அடியில் நேரே திருகாணியால் பொருத்திவிடலாம்.

இந்தக் கால்கள் மூன்றும் வட்டப் பலகை ஒன்றும் சேர்ந்ததே 1933இல் வந்த ‘60ஆம் எண்’ முக்காலி. இது இருக்கையாகவும் சிறு மேசையாகவும் பயன்படும், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைக்கலாம். இவ்வறைகலன்களை விற்க 1935இல் ஆல்ட்டோ தம்பதியர், மைரே குல்லிக்சன், நில்ஸ்-குஸ்தாவ் ஹால் ஆகிய நால்வர் ஆர்டெக் நிறுவனத்தைத் தொடங்கினர். முக்காலி இன்றும் உற்பத்தியில் இருக்கிறது. பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் பழகித் தேய்ந்தவற்றை ஆர்டெக்கே திரும்ப வாங்கி மறுவிற்பனை செய்கிறது. கீறலும் வண்ணச் சிதறலும் படிந்த பழைய முக்காலிகளைத் தேடி வாங்குவோர் பலர். 2023இல் ஃபார்மாஃபாண்டாஸ்மா வடிவமைப்பாளர்களோடு சேர்ந்து, முன்பு கழித்துக்கட்டிய கணுக்களும் பூச்சி அரித்த தடங்களும் கொண்ட மரத்தாலும் இதே முக்காலியை ஆர்டெக் செய்யத் தொடங்கியது.

வீட்டுப் புழங்குபொருள்கள்

ஆய்னோ ஆல்ட்டோ 1932இல் வரைந்த அழுத்துக் கண்ணாடிக் குவளைகள், விலை மலிந்த உற்பத்தி முறையிலும் அழகு கூடிவரும் என்று காட்டின. இக்கருத்தை முழுமையாக்கியவர் காய் ஃபிராங்க் (1911–1989). அக்காலத்தில் சாப்பாட்டுப் பீங்கான்களைப் பெரிய தொகுதியாகவே வாங்க வேண்டும், ஒன்று உடைந்தால் தொகுதியே குறைபட்டுப் போகும். அரபியா ஆலைக்காக அவர் வடிவமைத்து 1953இல் சந்தைக்கு வந்த கில்ட்டா கலங்கள் இந்த வழக்கத்தை உடைத்தன. ஒவ்வொன்றையும் தனித்தனியே வாங்கலாம். வட்டம், சதுரம், செவ்வகம் என்ற எளிய வடிவங்கள் ஒன்றோடொன்று பொருந்தும், சிறிய அலமாரியில் அடுக்கலாம். அடுப்பறைக் கலமே பரிமாறும் கலமாகவும் ஆயிற்று. 1970களில் நிறுத்தப்பட்ட இக்கலங்கள் 1981இல் தேமா என்ற பெயரில் மீண்டன. பழையதோடு சேர்த்துப் புழங்கத்தக்க கலத்தைத் தொடர்ந்து விற்பதே குப்பையைக் குறைக்கும் நேர்வழி.

ஃபிஸ்கார்ஸ் நிறுவனம் 1967இல் கொண்டுவந்த பிளாஸ்டிக் பிடிக் கத்தரிக்கோலை ஒலோஃப் பேக்ஸ்ட்ரம் வடிவமைத்தார். அதன் புகழ்பெற்ற ஆரஞ்சு நிறம், பழச்சாறு பிழியும் கருவிகள் செய்தபின் எஞ்சிய பிளாஸ்டிக்கிலிருந்து வந்தது.

ஆடை

1951இல் ஹெல்சிங்கியில் தொடங்கிய மரிமெக்கோ ஆடை நிறுவனத்தின் உந்துசக்தி அர்மி ரத்தியா. உடலை இறுக்கும் அக்கால நாகரிகத்துக்கு மாறாக, தளர்வாகத் தைத்த பருத்தி ஆடைகளில் பெரிய கைவரைவுக் கோலங்களை அச்சிட்டார்கள். 1956இல் வுவொக்கோ நுர்மெஸ்னியெமி வடிவமைத்த கோடுபோட்ட யோக்காபோய்க்கா சட்டையும், 1968இல் அன்னிக்கா ரிமாலா உருவாக்கிய தசரைத்தா பருத்திச் சட்டையும் இன்றும் விற்கப்படுகின்றன. பின்னது ஆண், பெண், குழந்தை யாவருக்கும் பொதுவானது. பூக்கோலமே வேண்டாம் என்று ரத்தியா சொல்லியிருந்தும் மையா இசோலா 1964இல் வரைந்த உனிக்கோ என்னும் கசகசாப் பூக்கோலம் நிறுவனத்தின் அடையாளமாகவே நிலைத்தது. பருவத்துக்குப் பருவம் பழையதைத் தூக்கி எறியச் சொல்லும் ஆடைத் தொழிலில், அறுபது ஆண்டுப் பழைய கோலம் புதிதாகவே அணியப்படுவது அரிய சாதனை.

புதிய இழைகளிலும் பின்லாந்து முனைந்துள்ளது. ஆல்ட்டோ பல்கலைக்கழகமும் ஹெல்சிங்கி பல்கலைக்கழகமும் உருவாக்கிய அயான்செல் முறையில், மரக்கூழை அயனித் திரவத்தில் கரைத்து இழையாக இழுக்கிறார்கள். அத்திரவத்தை மீட்டு மறுபடி பயன்படுத்த முடியும். பழைய பருத்தித் துணியையும் இவ்வாறு புதிய இழையாக்கலாம். 2018 விடுதலை நாள் விருந்தில் அன்றைய குடியரசுத் தலைவரின் மனைவி யென்னி ஹவுக்கியோ அணிந்தது பிர்ச் மரத்திலிருந்து இம்முறையில் நெய்த ஆடை.

விமர்சனம்

மரத்தில் செய்ததெல்லாம் சூழலுக்கு நல்லது என்று கொள்ள முடியாது. பெரும்பரப்பில் மரங்களை மொட்டையாக வெட்டும் முறை உயிரினப் பன்மையைக் குறைப்பதாகப் பின்லாந்து அறிவியலாளர்களே எச்சரிக்கிறார்கள். அந்நாட்டுக் காடுகள் கரியமிலவாயுவை ஈர்க்கும் அளவும் அண்மை ஆண்டுகளில் பெரிதும் குறைந்துள்ளது. 2035க்குள் நிகர உமிழ்வைச் சுழியமாக்கச் சட்டமியற்றிய நாட்டுக்கு இது பெருஞ்சிக்கல். அரபியா ஆலையின் ஹெல்சிங்கி உற்பத்தி 2016இல் முடிவுற்று வெளிநாடுகளுக்குச் சென்றது. எல்லாருக்கும் என்று தொடங்கிய பொருள்கள் பல, விலை ஏறிச் செல்வர் வீட்டு அலங்காரமாயின.

இக்குறைகள் மரபின் தரத்தைக் குறைப்பதில்லை, அதன் சொந்த அளவுகோலை அதற்கே திருப்பிக் காட்டுகின்றன. எங்கிருந்து வந்தது, எவ்வளவு காலம் உழைக்கும், பழுதானால் சரிசெய்ய முடியுமா, யாரால் வாங்க முடியும் என்ற நான்கு கேள்விகளையும் சேர்த்துக் கேட்கக் கற்றுத்தந்ததே ஃபிராங்க், ஆல்ட்டோ தலைமுறையின் கொடை. இவற்றில் ஒன்றை விட்டுவிட்டு ஒரு பொருளைப் பசுமையானது என்று விற்பது இம்மரபுக்கு ஏற்றதன்று.