மலையேறிய கண்ணாடிக் குழாய்

1648 செப்டம்பர் 19 காலை. பிரான்சின் கிளெர்மோன் நகரில் ஒரு துறவியர் மடத்துத் தோட்டம். ஃப்ளோரன் பெரியே, ஊர்ப் பெரியவர்கள் சிலர் சூழ, நாலடி நீளக் கண்ணாடிக் குழாய்கள் இரண்டோடு நின்றார். கூடவே மூன்று நாள் சுத்தம் செய்த பாதரசம், சுமார் 8 கிலோ. ஒருபக்கம் மூடிய குழாயை விளிம்புவரை நிரப்பி, வாயை விரலால் அடைத்து, பாதரசக் கிண்ணத்துக்குள் கவிழ்த்து விரலை எடுத்தார். பளபளவென்று கொஞ்சம் இறங்கிய பாதரசம் அப்படியே நின்றது. இரண்டு குழாயிலும் ஒரே மட்டம். இன்றைய கணக்கில் சுமார் 71 சென்டிமீட்டர்.

இந்தக் குழாயின் பூர்வீகம் இத்தாலி. உறிஞ்சு பம்பில் தண்ணீர் சுமார் 10 மீட்டருக்கு மேல் ஏறாது என்பதைக் கிணற்று வேலைக்காரர்கள் கண்டிருந்தார்கள். அந்த உயரத்தில் தண்ணீர்த்தூண் தன் பாரம் தாங்காமல் அறுந்துவிடுகிறது என்று நினைத்தார் கலிலியோ. டாரிசெல்லி என்ற இத்தாலியர்தான் திருப்பிப் போட்டு யோசித்தார்: பம்பு தண்ணீரை இழுக்கவே இல்லை, வெளியே உள்ள காற்றின் பாரம் அதைத் தள்ளி ஏற்றுகிறது. அப்படியானால், தண்ணீரைவிட 13.6 மடங்கு கனமான பாதரசத்தை அந்தக் காற்றால் 76 சென்டிமீட்டர்தான் தூக்க முடியும். 1644-இல் விவியானி என்பவர் இதைச் செய்து பார்த்தார். கணக்கு சரியாக வந்தது. நம் ஊரில் தண்ணீர் மட்டம் இறங்க இறங்க, கரையில் இருக்கும் மோட்டாரைக் கிணற்றுக்குள் இறக்கி வைக்கிறோமே, அதற்கும் இதுதான் காரணம்.

மெர்சென் என்ற பாதிரியார் செய்தியை பிரான்சுக்குக் கொண்டுபோனார். ரூவான் நகரில் பாஸ்கல் என்ற அறிஞர், 46 அடிக் கண்ணாடிக் குழாய்களைக் கப்பலின் பாய்மரத்தில் கட்டி, தண்ணீரையும் ஒயினையும் ஊற்றிச் சோதித்தார். ஆனாலும் சந்தேகம் தீரவில்லை. காற்றுதான் தாங்குகிறது என்றால், மலைமேல் காற்று குறைவு. அங்கே பாதரசமும் இறங்க வேண்டுமே? 1647 நவம்பர் 15 அன்று கிளெர்மோனில் இருந்த தன் அக்காள் கணவர் பெரியேவுக்கு, மலையேறிச் சோதிக்கச் சொல்லிக் கடிதம் எழுதினார். டாரிசெல்லி 39 வயதில் இறந்து அப்போது மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

பெரியே ஒரு குழாயைத் தோட்டத்திலேயே நிறுத்தி, பாதர் ஷஸ்தேன் என்ற துறவியைக் காவல் வைத்தார். மற்றதோடு பியூய் தெ தோம் மலை ஏறினார். தோட்டத்தைவிடச் சுமார் ஆயிரம் மீட்டர் உயரம். உச்சியில் பாதரசம் நின்ற மட்டம் 63 சென்டிமீட்டருக்கும் சற்றுக் கீழே! எட்டரை சென்டிமீட்டர் குறைவு. நம்ப முடியாமல், திறந்த வெளியிலும் மறைவிலும், காற்றடிக்கும்போதும் பனிமூட்டத்திலும் என ஐந்து முறை பார்த்தார். மாறவே இல்லை. இறங்கும் வழியில் ஒரு சிற்றூரில் பார்த்தபோது மட்டம் சற்று ஏறியிருந்தது. தோட்டத்துக்கு வந்ததும் பழையபடி 71.

மலையேறியவரைவிட, அந்தத் துறவியைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். நாள் முழுக்கப் பார்த்திருந்து, கீழே உள்ள குழாய் அசையவில்லை என்று அவர் சாட்சி சொல்லியிருக்காவிட்டால், வானிலை மாறியதால் பாதரசம் இறங்கியது என்று யாராவது வாதாடியிருப்பார்கள்.

திரவத்துக்கும் காற்றுக்கும் அடிப்படை ஒன்றே. ஓர் இடத்தின் அழுத்தம் என்பது அங்கே ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் மேலே நிற்கும் சரக்கின் பாரம். பாத்திரம் குறுகலோ அகலமோ, ஆழம்தான் கணக்கு. காற்று அமுங்கக் கூடியது என்பதால் கீழே அடர்ந்தும் மேலே மெலிந்தும் இருக்கிறது. தரைமட்டத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் சுமார் ஒரு கிலோ. புயல் செய்தியில் வரும் ஹெக்டோபாஸ்கல் என்ற அழுத்த அளவு, அந்தக் கடிதம் எழுதியவரின் பெயரைத்தான் சுமக்கிறது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாதரசம் நஞ்சு, அது வேண்டாம். கெட்டியான, உள்ளே தெரியும் 12 மீட்டர் ஹோஸ் ஒன்றில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை இறுக அடைத்து, மறுமுனையைத் தரையில் உள்ள வாளித் தண்ணீருக்குள் வைத்து, அடைத்த முனையை நாலாம் மாடிக்கு ஏற்றுங்கள். சுமார் பத்து மீட்டரில் தண்ணீர் நின்றுவிடும். பிள்ளைகள் ஒருமுறை கண்ணால் பார்க்கட்டும்.