டாஃபைட்

டாஃபைட் என்பது பெரிலியம், மக்னீசியம், அலுமினியம் ஆகியவற்றின் ஆக்சைடாக அமைந்த அரிய கனிமம். பெரிலியமும் மக்னீசியமும் இன்றியமையாத கூறுகளாகச் சேர்ந்திருக்கக் கண்ட முதற் கனிமம் இதுவே. பட்டை தீட்டி முடித்த மணிக்கல்லைக் கொண்டு ஒரு புதுக் கனிமம் இனங்காணப்பட்டது இதற்கு முன் நிகழாத ஒன்று.

1945இல் டப்ளின் நகர மணிக்கல் ஆய்வாளர் ரிச்சர்ட் டாஃப், ராபர்ட் டோபி என்னும் நகைவணிகரிடம் பழங்கற்களைக் குவியலாக வாங்கினார். கழுவி, நிறவாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றாக உருப்பெருக்கியில் பார்த்தார். 1.419 கேரட் எடையுள்ள இளம் ஊதாக் கல் ஒன்று நிறத்திலும் பளபளப்பிலும் ஸ்பினல் என்னும் மணிக்கல்லாகவே தோன்றியது. ஒப்படர்த்தியும் ஏறக்குறைய பொருந்தியது. ஆனால் மேல்முகப்பின் வழியே நோக்கியபோது அடிப்பட்டைகளின் விளிம்புகள் மெல்லிய இடைவெளியுடன் இரண்டிரண்டு கோடுகளாகத் தெரிந்தன. ஸ்பினல் கனசதுரப் படிகம். ஒளிக்கதிரை இரண்டாகப் பிரிக்காது. இந்தச் சிறு முரணைக் கண்பிசகு என்று அவர் தள்ளிவிடாததே இக்கண்டுபிடிப்பின் உயிர்நாடி. பின்வந்த கருவிகள் எல்லாம் அவர் கண்டதை உறுதிசெய்தனவே.

கல் லண்டனுக்கு அனுப்பப்பட்டது. அங்கே மணிக்கல் ஆய்வாளர்கள் பி.டபிள்யூ. ஆண்டர்சனும் சி.ஜே. பெய்னும் அதன் ஒளியியல் பண்புகளை அளந்தனர். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஜி.எஃப். கிளாரிங்புல் எக்ஸ் கதிர்ப் படமெடுத்து அறுகோணத் தொகுதியைச் சேர்ந்தது என்றார். வேதிப் பகுப்பாய்வுக்காக அந்த ஒரே கல்லிலிருந்து சிறு துணுக்கு வெட்ட வேண்டியிருந்தது. கண்டறிந்தவர் பெயரையே தாங்கி, 1951இல் புதுக் கனிமமாக விவரிக்கப்பட்டது.

பட்டை தீட்டிய கல்லில் தாய்ப்பாறையின் ஒட்டும் இராது, ஆற்றில் உருண்ட தடமும் இராது. அதனால் எந்நாட்டுக் கல் என்பதை அதை வைத்தே சொல்ல வழியில்லை. பிற்பாடு இதே இனக் கற்கள் பெரும்பாலும் இலங்கையின் மாணிக்கச் சரளையில் கிடைத்தன. முதற் கல்லின் பிறப்பிடமும் இலங்கையே எனலாம். ஒலிவின் என்று நெடுங்காலம் விற்கப்பட்ட அந்நாட்டுப் பழுப்புக் கற்கள் 1952இல் சின்ஹலைட் என்னும் தனிக் கனிமமாகத் தெளிந்ததும் இங்கே நினைக்கத்தக்கது.

தான்சானியா, மியான்மர், சீனா ஆகிய நாடுகளிலும் டாஃபைட் கிடைக்கிறது. 2002இல் கனிமவியலார் வேறு பெயர் சூட்டினர். வணிகத்தில் பழைய பெயரே வழங்குகிறது. இதன் நெருங்கிய உறவான மஸ்கிரேவைட்டிலிருந்து இதைப் பிரித்தறிய ராமன் நிறமாலை ஆய்வு தேவை.