'காலங்காலமாக' என்றால் எந்த வருஷத்திலிருந்து?

"காலங்காலமாக இப்படித்தான் நடக்குது." இந்த வாக்கியத்தைக் கேட்காமல் நம்ம ஊரில் யாரும் வளர்ந்திருக்க முடியாது. கோயில் மரியாதை, பொதுக்கிணறு, கல்யாண முறை என்று எதைப் பற்றிக் கேட்டாலும் பேச்சு கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும். அதற்கு மேல் கேள்வி கிடையாது.

என் தொழிலில் காலத்துக்கு ஒரு தொடக்கம் உண்டு. யூனிக்ஸ் வழிவந்த கம்ப்யூட்டர்கள் 1970 ஜனவரி 1-லிருந்து விநாடிகளை எண்ணிக்கொண்டிருக்கின்றன. 'காலங்காலமாக' என்பதற்கும் அப்படி ஒரு தேதி இருக்கிறதா? இங்கிலாந்துச் சட்டத்தில் இருக்கிறது! நினைவுக்கு எட்டாத காலம் என்றால் 1189-க்கு முந்தையது என்று அங்கே வரையறுத்தார்கள். முதலாம் ரிச்சர்ட் பட்டத்துக்கு வந்த வருஷம் அது. இந்திய நீதிமன்றங்கள் இந்த 1189-ஐ அப்படியே பிடித்துக்கொள்ளவில்லை. ஆனால் ஒரு வழக்கத்தை உரிமையாகக் கேட்பவர், அது பழமையானது, இடைவிடாமல் இருந்துவந்தது என்று நிரூபிக்க வேண்டும் என்ற விதி இங்கும் உண்டு.

இது சட்டக் கேள்வியா, வரலாற்றுக் கேள்வியா? கல்லூரியில் வரலாறு ஒரு கட்டடம், இலக்கியம் ஒரு கட்டடம், சட்டத்துக்குத் தனிக் கல்லூரியே உண்டு. சமூகப் பிரச்சினை என்பது பேச்சுப்போட்டித் தலைப்பு. ஆனால் மேலே உள்ள கேள்விக்குப் பதில் தேடினால் நாலு கதவையும் தட்டித்தான் ஆகணும்.

மாணவனாக இருந்தபோதே அப்படித் தட்டிய ஒருவரைப் பார்ப்போம். 1913-ல் அம்பேத்கர் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். பரோடா மன்னர் கொடுத்த உதவித்தொகை மாதம் பதினொன்றரை பவுண்டு, அதுவும் மூன்று வருஷத்துக்குத்தான். குறித்த காலத்தில் பட்டம் வாங்கிக்கொண்டு கிளம்பியிருக்கலாம். அவரோ பொருளாதாரத்தோடு வரலாறு, சமூகவியல், மானிடவியல், தத்துவம், அரசியல் என்று வகுப்பு வகுப்பாகப் போய் உட்கார்ந்தார். பள்ளியில் சமஸ்கிருதம் படிக்க அனுமதி மறுக்கப்பட்டு, பாரசீகம் எடுத்தவர் அவர். எந்தப் பாடத்தின் கதவு யாருக்குத் திறக்கும் என்பது அவருக்கு ஏற்கெனவே தெரியும்.

1916 மே 9 அன்று மானிடவியல் கருத்தரங்கில் 'இந்தியாவில் சாதிகள்' என்ற கட்டுரையைப் படித்தார். அப்போது வயது 25. சாதியின் உயிர்நாடி அகமணம், அதாவது தன் சாதிக்குள்ளேயே கல்யாணம் செய்துகொள்வது என்பது அவர் வாதம். சதி, கட்டாய விதவைக் கோலம், குழந்தை மணம் மூன்றும் அந்த வேலியைக் காப்பாற்ற வந்த ஏற்பாடுகள் என்று விளக்கினார். இன்னொன்றும் சொன்னார்: சாதியை மனு உண்டாக்கவில்லை, அது அவருக்கு முன்பே இருந்தது, மனு செய்தது அதைத் தொகுத்து நியாயப்படுத்தியதுதான். ஒரு விதிப்புத்தகம் இருப்பது வேறு, அந்த வழக்கம் எங்கே, எப்போது, எப்படிப் பிறந்தது என்பது வேறு. இரண்டையும் அவர் பிரித்துப் பார்க்கிறார்.

பிறகு லண்டனில் பொருளாதாரம், சட்டம். உதவித்தொகை முடிந்ததால் 1917-ல் பாதியில் திரும்பினார். பம்பாயில் பேராசிரியர் வேலை பார்த்துவிட்டு 1920-ல் மறுபடி லண்டன் போய்ப் படிப்பை முடித்தார்.

இந்தப் படிப்பெல்லாம் எதற்கு உதவியது? ஒரு வாய்த் தண்ணீருக்கு! பம்பாய் மாகாணத்தில் மகாத் என்ற ஊர். அங்கே சவதார் குளம். 1924-லேயே நகராட்சி அதை எல்லோருக்கும் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டிருந்தது, காகிதத்தில். 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் தலித் மக்கள் ஊர்வலமாகப் போய் அந்தத் தண்ணீரைக் குடித்தார்கள். அன்றே அவர்களை அடித்தார்கள். பிறகு குளத்துக்குத் 'தீட்டு' கழித்தார்கள். டிசம்பரில் சாதி இந்துக்கள் சிலர் வழக்குப் போட்டார்கள்: இந்தக் குளத்தைக் காலங்காலமாக நாங்கள் மட்டுமே பயன்படுத்துகிறோம், தீண்டத்தகாதவர்களுக்கு உரிமை இல்லை.

வழக்கு பத்து வருஷம் நடந்தது. இத்தனைக்கும் முஸ்லிம்கள் அந்தக் குளத்தில் தண்ணீர் எடுக்கத் தடை இருந்ததில்லை. 1937 மார்ச்சில் பம்பாய் உயர்நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. குளம் நகராட்சியுடையது, வாதிகள் சொல்லும் தொன்றுதொட்ட வழக்கம் நிரூபிக்கப்படவில்லை. அவ்வளவுதான். தீண்டாமை தவறு என்று நீதிமன்றம் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. 'காலங்காலமாக'வுக்கு ஆதாரம் கேட்டது, கிடைக்கவில்லை.

இதை வைத்து நீதிமன்றம் போனாலே நியாயம் கிடைத்துவிடும் என்று நினைத்துவிட வேண்டாம். நம்ம பக்கத்துக் கதை வேறு. 1897-ல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் சிலர் நுழைந்து வழிபட்டார்கள். கோயில் ராமநாதபுரம் ஜமீனின் பொறுப்பில் இருந்தது. பாஸ்கர சேதுபதி வழக்குத் தொடுத்தார். ஆமாம், விவேகானந்தரை சிகாகோவுக்குப் போகச் சொல்லி ஊக்கப்படுத்திய அதே சேதுபதிதான். நாடார்கள் தாங்கள் அரச மரபினர் என்று வரலாறு காட்டி வாதாடினார்கள். எடுபடவில்லை. 1899-ல் மதுரை சார்பு நீதிமன்றத்தில் தோற்றார்கள், உயர்நீதிமன்றத்திலும் தோற்றார்கள், கடைசியில் 1908-ல் லண்டன் பிரிவி கவுன்சிலிலும் தோற்றார்கள். அங்கே 'வழக்கம்' ஜெயித்தது.

ஒன்று நகராட்சிக் குளம், இன்னொன்று கோயில். சட்டப்படி இரண்டும் ஒன்றல்ல. ஆனால் இரண்டிலும் தராசில் வைக்கப்பட்ட பொருள் ஒன்றுதான். கமுதியில் பூட்டிய கதவு திறக்க, மதுரையில் 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் தலைமையில் ஐந்து தலித்துகளும் ஒரு நாடாரும் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போக வேண்டியிருந்தது. அதைத் தொடர்ந்து ராஜாஜி அரசு சட்டம் கொண்டுவந்தது. வழக்கம் என்று சொல்லி மூடியதை, புதுச் சட்டம் போட்டுத்தான் திறக்க முடிந்தது.

சரி, இலக்கியம் எங்கே வருகிறது? நந்தனார் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். நிலத்துக்கார வேதியர் சிதம்பரம் போக அனுமதி மறுப்பார், நாற்பது வேலி நிலத்து வேலையை முடித்துவிட்டுப் போ என்பார். இதுதான் நம்மில் பலருக்குத் தெரிந்த 'பழங்கதை'. பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சேக்கிழாரின் பெரியபுராணத்தில் அந்த வேதியரே கிடையாது! அங்கே நந்தனார் கோயில் பேரிகைகளுக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் கொடுத்துத் தொண்டு செய்கிறார், உள்ளே போகாமல் வெளியே நிற்கிறார். வேதியரும் நாற்பது வேலியும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியாரின் கீர்த்தனையில் வந்து சேர்ந்தவை. அதாவது பாரதியார் தம் காலத்துக் காவிரிக்கரைப் பண்ணையடிமை முறையைப் பழைய கதைக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டார். பக்திக்காக மட்டும் படித்தால் இந்த இடைவெளி கண்ணில் படாது. இரண்டு நூல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், நில உறவின் வரலாறு தெரிய ஆரம்பிக்கும்.

ஆகவே, நீங்கள் மாணவராக இருந்தால், எந்தப் படிப்பு படித்தாலும் சரி, இதைச் செய்து பாருங்கள். உங்கள் ஊரில் சொல்லப்படும் ஒரு 'காலங்காலமாக'வை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கல்வெட்டோ பத்திரமோ இருக்கிறதா? எந்தப் பாட்டில், எந்தக் கதையில், எந்தக் காலத்தில் அது முதலில் வருகிறது? அதை யாராவது நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்களா? அதனால் யாருக்கு லாபம், யார் வெளியே நிற்கிறார்கள்? நாலாவது கேள்வியை மறந்துவிட்டு முதல் மூன்றைக் கேட்டால் அது வெறும் தகவல் சேகரிப்பு. முதல் மூன்றை விட்டுவிட்டு நாலாவதை மட்டும் கேட்டால் மேடையில் கைதட்டல் கிடைக்கும், வழக்கில் தோற்றுவிடுவீர்கள்.