எல்ம் மரத்தடியில் ஓர் இரவு

சாலையை அகலப்படுத்துவதற்காக எங்கள் தெருமுனைத் தூங்குமூஞ்சி மரத்தை வெட்டியபோது நான் திண்ணையில் உட்கார்ந்து காபி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். "ஐயோ பாவம்" என்று சொன்னதாக ஞாபகம். அதற்குமேல் ஒன்றும் செய்யவில்லை. அதனால்தானோ என்னவோ, ஸ்டாக்ஹோம்வாசிகள் மரத்துக்காக மல்லுக்கு நின்ற கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கும்.

சுவீடன் தேசத்தின் அந்தத் தலைநகரில் 'அரசர் தோட்டம்' என்று ஒரு பூங்கா. ஆதியில் அரண்மனைச் சமையலுக்குக் காய்கறி பயிரிட்ட இடம். அங்கே 13 எல்ம் மரங்கள். அவற்றின் நிழலில் ஒரு தேநீர்க் கடை. சுரங்க ரயில் நிலையத்துக்கு அங்கேதான் வாசல் வைக்கவேண்டும், மரங்கள் போகவேண்டும் என்று நகரசபை தீர்மானித்தது.

மரத்துக்காகவா இத்தனை ஆத்திரம் என்று கேட்கத் தோன்றும். அதற்கு முந்தின 20 வருஷத்தைப் பார்க்கவேண்டும். நகரத்தின் நடுப்பகுதியை நவீனமாக்குகிறோம் என்று 1950களிலும் 60களிலும் நூற்றுக்கணக்கான பழைய கட்டடங்களை இடித்துத் தள்ளினார்கள். பத்திரிகை ஆபீஸ்களும், காசில்லாத கவிஞர்கள் வாசம் செய்த சந்துகளும் நிறைந்த கிளாரா பேட்டை பெரும்பாலும் மண்ணோடு மண்ணாயிற்று. (என்னைப் போன்ற ஆசாமிகளுக்கு வயிறெரிய அது ஒன்றே போதும்.) ஜனங்கள் முணுமுணுத்தார்கள், கட்டடங்கள் விழுந்துகொண்டே இருந்தன. கடைசியில் மரத்துக்கே வந்துவிட்டார்கள்.

1971 மே 12. பொழுது விடிவதற்குள் காரியத்தை முடித்துவிடலாம் என்று ராத்திரியோடு ராத்திரியாக ரம்பத்துடன் ஆட்கள் வந்தார்கள். பகலில் வெட்டினால் கூட்டம் கூடுமாம்! ஆனால் டெலிபோனில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு ஜனங்கள் ஓடிவந்துவிட்டார்கள். வேலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே புகுந்தார்கள். சிலர் மரத்தில் ஏறிக்கொண்டார்கள். குதிரைப் போலீஸ் வந்தது, அடி விழுந்தது. அதற்குள் சில மரங்களில் ரம்பம் இறங்கியும் விட்டது. என்றாலும் கூட்டம் கலையவில்லை. பின்வாங்கியது போலீஸ்தான். அப்புறமும் நம்பிக்கை இல்லாமல் நாள்கணக்கில் மரத்தடியிலேயே படுத்துக் காவல் காத்தார்கள்.

நகரசபை இறங்கிவந்தது. ரயில் நிலையம் ஒன்றும் வராமல் போய்விடவில்லை, 1977இல் திறந்தார்கள். வாசலை மட்டும் வேறிடத்தில் வைத்தார்கள். எங்கள் தெருவிலும் சாலையை நாலடி தள்ளிப் போட்டிருக்கலாமோ என்று நான் யோசித்தது, மரம் லாரியில் ஏறிய பிறகுதான்.

ரம்பம் பட்ட எல்ம் மரங்கள் பிழைத்துக்கொண்டன. பல்லாண்டுகள் கழித்தும் அடிமரத்தில் அந்த இரவின் தழும்பு தெரிந்தது.