கச்சைக்குள் பேசிய விலை: தக்காண மணி வணிகத்தில் மறைவும் சான்றும்

நன்னூலார் வகுத்த தகுதி வழக்கு மூன்றனுள் குழூஉக்குறியும் ஒன்று. ஒரு குழுவினர் தமக்குள் மட்டும் விளங்குமாறு வழங்கும் சொல் அது. இதற்கு உரையாசிரியர்கள் காட்டும் சான்றுகளுள் பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்று வழங்குதல் பலரும் அறிந்ததாகும். அணிகலத் தொழிலில் மறைவு பழமையானது என்பதற்கு இவ்வொரு சொல்லே போதும். எனினும் எது மறைக்கப்பட்டது, எவரிடமிருந்து மறைக்கப்பட்டது என்னும் வினாக்கள் தனித்து ஆராயத்தக்கன.

தக்காணத்தின் வைர வணிகம் இதற்குத் தெளிவான விடை தருகிறது. 1645ஆம் ஆண்டு அளவில் கோல்கொண்டாவிலிருந்து ஐந்து நாள் வழித்தொலைவிலுள்ள சுரங்கமொன்றைக் கண்ட பிரெஞ்சு மணி வணிகர் தவர்னியே, அங்கு விலை பேசப்பட்ட முறையை 1676இல் வெளிவந்த தம் பயண நூலில் விரித்துரைத்துள்ளார். அவ்விடம் இன்றைய கர்னூல் மாவட்டத்து ராமல்லக்கோட்டை என்பது அந்நூலை ஆங்கிலத்தில் பெயர்த்த வாலண்டைன் பால் கொண்ட முடிபு. வாங்குவோரும் விற்போரும் எதிரெதிரே அமர்வர். ஒருவர் தம் இடைக்கச்சையை அவிழ்ப்பார். விற்பவர் வாங்குபவரின் வலக்கையைப் பற்றி, இரு கைகளையும் அக்கச்சையால் மூடுவார். பின்னர் வாய்ப்பேச்சே இல்லை. முழுக்கையைப் பற்றினால் ஆயிரம். எத்தனை முறை அழுத்தினாரோ அத்தனை ஆயிரம். ஐந்து விரல்களைப் பற்றினால் ஐந்நூறு. ஒரு விரல் நூறு. நடுக்கணு வரை பற்றினால் ஐம்பது, நுனிக்கணு மட்டுமாயின் பத்து. பலர் கூடியிருக்கும் ஓரிடத்திலேயே ஒரு பொதி ஐந்தாறு முறை கைமாறும். ஆயினும் என்ன விலைக்கு என்பதை உடனிருந்தோர் அறியார்.

இங்கு மறைவது தொகை மட்டுமே என்பது நோக்கத்தக்கது. விற்பனை நடந்ததும், எவர் எவருக்கு விற்றார் என்பதும், எப்பொதி என்பதும் ஊரறிய நிகழ்ந்தவை. வாங்கியவர் மறுநாள் மறுக்க இயலாது. ஆனால் அடுத்தவரிடம் கூடுதல் விலை கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. தமிழகத்து மாட்டுச் சந்தைகளில் தரகர்கள் துண்டு போட்டு விரல் பிடிப்பதும் இவ்வகையினதே.

சிலப்பதிகாரக் கொலைக்களக் காதை இதற்கு நேர்மாறான நிகழ்வைக் காட்டுகிறது. மதுரையின் மணிக்கடைகளையும் பொன்கடைகளையும் ஊர்காண் காதையில் கண்டு மீண்டவனே கோவலன். அத்தகையவன் கடைத்தெருவில் எதிர்ப்பட்ட பொற்கொல்லன் ஒருவனிடம் சிலம்பின் விலையைக் கேட்கிறான். அங்கேயே பலர் முன் முடிந்திருக்க வேண்டிய மதிப்பீடு, பொற்கொல்லனின் இருப்பிடத்தருகே காத்திருக்குமாறு கூறும் அளவில் தனிமைக்கு நகர்கிறது. சிலம்பு தன்னுடையது என்பதற்கு அந்நகரில் கோவலனுக்குச் சான்று கூற எவருமில்லை. ஊழ்வினையைக் காப்பியம் முன்வைத்தாலும், வணிகநிலையில் இச்சான்றின்மையே அவனைக் கொன்றது எனலாம்.

ஐதராபாத் அரண்மனையிலும் இதுபோன்ற சிக்கல் ஒருமுறை எழுந்தது. 1891இல் சிம்லாவின் மணி வணிகர் அலெக்சாண்டர் மால்கம் ஜேக்கப், ஆறாம் நிஜாம் மஹபூப் அலி கானுக்கு 184 காரட்டுக்கு மேற்பட்ட 'இம்பீரியல்' வைரத்தை 46 இலட்சம் ரூபாய்க்கு விற்க முன்வந்தார். 23 இலட்சம் முன்னதாகக் கொடுக்கப்பட்டது. பேச்சில் இடைநின்றவர் நிஜாமின் அணுக்கப் பணியாளர். அத்தொகை விலையின் ஒரு பகுதியா, கல்லை வரவழைத்துப் பார்ப்பதற்கான பிணைப்பணமா என்பதே பின்னர் எழுந்த வழக்கின் கருவாயிற்று. கல்கத்தா உயர்நீதிமன்றத்தில் ஜேக்கப் விடுதலை பெற்றார். ஆனால் தொழிலில் மீளவில்லை. அரசரோ தம் அந்தரங்க வாங்கலைப் பற்றிச் சாட்சியம் அளிக்க நேர்ந்தது. கச்சை மறைத்த தொகையினும் பன்மடங்கு பெரிய தொகை நாடறிந்தது. உடன்பாட்டின் தன்மையைக் கூறத்தக்க பொதுச்சான்று மட்டும் இல்லை. அவ்வைரம் இறுதியில் நிஜாமிடமே சேர்ந்தது. 1995இல் இந்திய அரசு 218 கோடி ரூபாய்க்கு வாங்கிய நிஜாம் அணிகலன்கள் 173இல் அதுவும் அடங்கும்.

அரசர் ஒருவர் இழந்ததைத் தாங்கிக்கொள்வார். ஐதராபாத்தின் கிழக்கே, நாச்சாரம் தொழிற்பேட்டையை அடுத்து வாழும் ஒரு குடும்பத்துப் பெண் தன் பாட்டியின் கல் அட்டிகையைச் சார்மினார்ப் பக்கத்துக் கடைக்குக் கொண்டுசெல்வதாகக் கொள்வோம். அவளும் மறைவையே விரும்புவாள். வீட்டு நெருக்கடியை அண்டை அயலார் அறியலாகாது. அவ்விருப்பம் இயல்பானது. ஆனால் அதுவே அவளைச் சான்றற்றவளாக ஆக்குகிறது. அரக்குக்கும் கல்லுக்கும் எடை கழிக்கப்படும். எஞ்சியது உருக்குப்பொன்னாக மதிக்கப்படும். 2023 ஏப்ரல் முதல் கடைகளில் விற்கும் புதுநகைக்குக் கட்டாயமாக்கப்பட்ட ஆறிலக்க முத்திரை எண் தூய்மையைக் கூறும். பழைய அட்டிகையில் அதுவும் இராது. நூறாண்டு கடந்த கைவினைப் பொருள்களை வணிகம் செய்வோர் உரிமம் பெற வேண்டும் என்று 1972ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கிறது. அவர்கள் வைத்திருக்க வேண்டிய பதிவேடு அரசு அலுவலர் பார்வைக்கு உரியது, விற்றவள் பார்வைக்கு அன்று. அவள் கையில் சேர்வது ஓர் எடைச்சீட்டு. அதில் கிராம் இருக்கும், கழிவு இருக்கும். அணி செய்யப்பட்ட காலமும் வேலைப்பாடும் பெரும்பாலும் இரா. அதே அட்டிகை உருக்கப்படாமல் கண்ணாடிப் பேழையில் 'பழமையானது' என்னும் பெயரோடு வேறொரு விலைக்கு நிற்குமாயின், இரு விலைகளையும் அறிந்தவர் கடைக்காரர் ஒருவரே.